வட்டு அவர்களுடையது, கணினி நம்முடையது
(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



'தொழில்நுட்பமும் பொதுமக்களும்' என்பது இந்த ஆண்டுச் சொற்பொழிவுக்குத் தரப்பட்ட பொருள். இப்படிப்பட்ட தலைப்பில் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் வரப்போகிற காலத்தைப் பற்றிப் பேசுவார்கள். அதில் ஒரு வசதி உண்டு: சொன்னது பொய்த்துப் போனாலும் கேட்க ஆள் இருக்காது. நான் இருபது ஆண்டுக்கு முந்தைய ஒரு விவகாரத்தை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். யார் என்ன செய்தார், என்ன சொன்னார், கடைசியில் எவ்வளவு கொடுத்தார் என்பதெல்லாம் பதிவாகியிருக்கிற விவகாரம். மக்கள் எதிர்ப்பு ஒரு பெரிய நிறுவனத்தைப் பின்வாங்க வைத்ததற்கு உதாரணமாக இதைச் சொல்வது வழக்கம். அது உண்மைதான். ஆனால் அந்த எதிர்ப்பால் அசையாமல் நின்ற ஒன்றும் உண்டு. அதைப் பற்றித்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன்.

2005 அக்டோபர் 31. அமெரிக்காவைச் சேர்ந்த மார்க் ருசினோவிச் என்ற மென்பொருள் வல்லுநர் தம் இணையதளத்தில் ஒரு நீண்ட குறிப்பை வெளியிட்டார். விண்டோஸின் உள்கட்டமைப்பைப் பற்றிப் பொறியாளர்கள் படிக்கும் புத்தகத்தை எழுதியவர்களில் அவரும் ஒருவர். கணினிக்குள் ஒளிந்திருக்கும் நிரல்களைக் கண்டுபிடிக்க அவர் உருவாக்கியிருந்த கருவியைத் தம் சொந்தக் கணினியில் ஓட்டிப் பார்த்தபோது, ஒரு கோப்புறையும் சில கோப்புகளும் பின்னணியில் ஓடும் ஒரு நிரலும் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கப்பட்டிருப்பது புலப்பட்டது. கண்ட கண்ட இடத்தில் மென்பொருள் இறக்குகிறவர் அல்ல அவர். நூல் பிடித்துக்கொண்டே போனார். அதை எழுதியது இங்கிலாந்தில் இருந்த ஃபர்ஸ்ட் ஃபோர் இன்டர்நெட் என்ற நிறுவனம். கணினிக்குள் அது நுழைந்த வழியோ, அவர் காசு கொடுத்து வாங்கிய ஒரு பாட்டு சிடி. வான் ஜான்ட் சகோதரர்களின் ஆல்பம். வெளியிட்டது சோனி பிஎம்ஜி.

நகலெடுக்கக் கட்டுப்பாடு உண்டு என்று சொல்லித்தான் அந்த சிடியை விற்றார்கள். மூன்று நகலுக்கு மேல் எடுக்க முடியாது. அதில் ஒளிவுமறைவு இல்லை. கணினியில் போட்டதும் ஓர் உரிம ஒப்பந்தம் வரும், சம்மதம் என்று அழுத்த வேண்டும். நாம் எல்லோரும் படிக்காமல் அழுத்துவதைப் போல அழுத்தியிருப்பார்கள். படித்திருந்தாலும் பயனில்லை என்பதுதான் விஷயம். தன்னை மறைத்துக்கொள்ளும் ஒரு நிரல் நிறுவப்படும், அதை நீக்க வழி தரப்படாது என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

இப்படி ஒளிந்துகொள்ளும் வகை நிரலுக்கு ரூட்கிட் என்று பெயர். அது செய்வது என்ன? ஒரு கோப்புறையில் என்னென்ன இருக்கிறது என்று நாம் கேட்டால், அந்தக் கேள்வி இயங்குதளத்தின் மையமான கெர்னல் வரை போய்ப் பட்டியலோடு திரும்பி வரும். ரூட்கிட் அங்கேயே உட்கார்ந்துகொண்டு, பட்டியல் வெளியே வருவதற்கு முன் சில வரிகளை அடித்துவிடும். கணக்கப்பிள்ளை பேரேட்டை வாசிக்கும்போது குறிப்பிட்ட சில வரிகளை விட்டுவிட்டு வாசித்தால், முதலாளி எத்தனை முறை கேட்டாலும் கணக்கு சரியாகவே இருக்கும் அல்லவா, அதுபோல. வைரஸ் தடுப்பு மென்பொருளும் இதே பட்டியலைத்தான் நம்பி வேலை செய்கிறது.

சோனியின் நிரல் மறைத்தது தன்னை மட்டுமல்ல. பெயரின் தொடக்கத்தில் டாலர் குறி, எஸ், ஒய், எஸ், மறுபடியும் டாலர் குறி என்று வரும் எந்தக் கோப்பையும் அது மறைத்தது. யார் வைத்த கோப்பு என்று பார்ப்பதில்லை. ருசினோவிச் சோதித்துப் பார்த்தார்: நோட்பேடின் பெயரை அப்படி மாற்றியதும் அது திரையிலிருந்து காணாமல் போனது. இதற்கு என்ன பொருள் என்று வைரஸ் எழுதுகிறவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பத்து நாளில் அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்ட முதல் ட்ரோஜன் வந்துவிட்டது. அதற்கும் முன்னதாக, வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டில் ஏமாற்றுகிறவர்கள் தங்கள் ஏமாற்று நிரலை இதே மறைவில் வைத்து விளையாட்டு நிறுவனத்தின் காவலுக்குத் தண்ணி காட்டினார்கள். சோனியின் நிரலைச் சரியாகப் பயன்படுத்திக்கொண்ட முதல் வாடிக்கையாளர்கள் அவர்கள்தான் என்று சொல்லலாம்.

இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். பின்னணியில் ஓடிய அந்த நிரலுக்குச் சூட்டியிருந்த பெயர் 'பிளக் அண்ட் ப்ளே டிவைஸ் மேனேஜர்'. விண்டோஸின் சொந்த உறுப்பு என்று பார்ப்பவர் நினைத்துக்கொள்ள வேண்டும் என்பதைத் தவிர இந்தப் பெயருக்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. இரண்டு நொடிக்கு ஒரு முறை, கணினியில் ஓடிக்கொண்டிருக்கும் எல்லா நிரல்களையும் அது துழாவியது. சிடியை வெளியே எடுத்த பிறகும் துழாவியது. மென்பொருள் நீக்கும் பட்டியலில் அதற்கு இடமில்லை. கையால் அழித்தால் சிடி டிரைவே கணினியிலிருந்து மறைந்துபோகும். ருசினோவிச் அதை மீட்கத் தெரிந்தவர், மற்றவர்கள் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். சிடியோடு வந்த பிளேயர் ஒவ்வொரு முறையும் எந்த ஆல்பம் என்ற அடையாளத்தோடு சோனியின் இணைய முகவரியைத் தொடர்புகொண்டதையும் அவர் சில நாளில் காட்டினார். அட்டைப்படத்தைப் புதுப்பிக்கத்தான், விவரம் எதையும் சேமிக்கவில்லை என்றது நிறுவனத் தரப்பு. இருக்கலாம். நம் வீட்டில் எந்தப் பாட்டு எப்போது ஓடுகிறது என்பது வெளியே போகிறது என்று முன்கூட்டிச் சொல்லவில்லையே என்பதுதான் கேள்வி.

எதிர்ப்பு எழுந்தது. சோனி பிஎம்ஜியின் உலக டிஜிட்டல் வணிகத் தலைவர் தாமஸ் ஹெஸ்ஸே அமெரிக்கப் பொது வானொலியில் பேசினார். ரூட்கிட் என்றால் என்ன என்றே பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது, அப்படியிருக்க அவர்கள் ஏன் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும் என்று கேட்டார். ஆறிக்கொண்டிருந்த நெருப்பு என்றால்கூட இது போதும்; இதுவோ பற்றிக்கொண்டிருந்த நெருப்பு. ஆனால் அவர் வாய் தவறிப் பேசியதாக நான் நினைக்கவில்லை. இந்தத் தொழில் முழுவதும் நம்பியிருந்த கணக்கையே அவர் உரக்கச் சொன்னார். உள்ளே இருப்பது தெரியாதவரை கவலை இல்லை. கவலை இல்லாதவரை புகார் இல்லை.

நிறுவனம் மறைவை மட்டும் விலக்கும் ஒரு ஒட்டு நிரலை வெளியிட்டது. முழுவதும் நீக்க வேண்டுமென்றால் ஒரு படிவத்தை நிரப்பி, மின்னஞ்சல் முகவரி கொடுத்து, பதில் வரக் காத்திருந்து, அதில் வரும் இணைப்பின் வழியே இன்னொரு சிறு நிரலை இறக்க வேண்டும். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட் ஃபெல்டனும் அவருடைய மாணவர் அலெக்ஸ் ஹால்டர்மனும் அந்தச் சிறு நிரலைப் பிரித்துப் பார்த்தார்கள். வேலை முடிந்த பிறகும் அது கணினியில் தங்கிவிடுகிறது. அதன் பிறகு நீங்கள் பார்க்கப் போகும் எந்த இணையப் பக்கமும் அதைக் கூப்பிட்டுத் தனக்கு வேண்டிய நிரலை உங்கள் கணினியில் ஓட்டிவிடலாம். நோயைவிட மருந்து மோசமாக இருந்தது.

நவம்பர் நடுவில் சோனி பிஎம்ஜி பணிந்தது. இந்த நகல் காப்பு நிரல் இருந்த 52 ஆல்பங்களையும் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. செலின் டியான், நீல் டயமண்ட், ரிக்கி மார்ட்டின் எல்லோரும் அந்தப் பட்டியலில் உண்டு. தயாரானவை சுமார் 47 லட்சம் வட்டுகள். அதற்குள் விற்றிருந்தவை சுமார் 21 லட்சம். டெக்சாஸ் மாநில அட்டர்னி ஜெனரல் வழக்குப் போட்டார். வாங்கியவர்கள் சார்பில் வழக்குகள் வந்தன. அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் உதவிச் செயலர் ஸ்டூவர்ட் பேக்கர் வாஷிங்டனில் வணிகர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் இசை நிறுவனங்களைப் பார்த்துச் சொன்னது இந்த விவகாரத்திலேயே தெளிவான வாக்கியம்: அறிவுச் சொத்து உங்களுடையதாக இருக்கலாம், கணினி உங்களுடையது அல்ல. இந்தப் பேச்சின் தலைப்புக்கு நான் அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

இழப்பீட்டை விரைவாகச் சொல்லிவிடுகிறேன், அதில் பெருமைப்பட அதிகம் இல்லை. 2006 மே மாதம் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, வட்டைக் கொடுத்தவருக்குக் காப்பு இல்லாத மாற்று வட்டு. அதோடு ஏழரை டாலரும் ஒரு ஆல்பமும், அல்லது மூன்று ஆல்பங்கள். கலிஃபோர்னியாவுக்கும் டெக்சாசுக்கும் தலா ஏழரை லட்சம் டாலர். 2007 ஜனவரியில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்தோடு ஏற்பட்ட உடன்பாட்டில், கணினி பழுதானவர்களுக்கு 150 டாலர் வரை. சோனி போன்ற நிறுவனத்துக்கு இது சில்லறை. திரும்பப் பெற்றதன் செலவும் பெயர்க்கேடும்தான் உறைத்தன. 2008 தொடக்கத்தில் சோனி பிஎம்ஜியும் காப்பு இல்லாத எம்பி3 பாடல்களை விற்க ஒப்புக்கொண்டது. நான்கு பெரிய இசை நிறுவனங்களில் கடைசியாக வந்தது அதுதான்.

வெற்றிக் கதை இதோடு முடிகிறது. இனி மற்றது.

ஃபெல்டனும் ஹால்டர்மனும் இந்தக் காப்பில் கோளாறு இருப்பதை எப்போது அறிந்தார்கள்? ருசினோவிச் எழுதியதற்குக் கிட்டத்தட்ட ஒரு மாதம் முன்பே. ஏன் சொல்லவில்லை? வழக்கறிஞர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 1998இல் அமெரிக்கா நிறைவேற்றிய டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டத்தின் 1201ஆம் பிரிவு, பதிப்புரிமைப் பொருளைக் காக்கும் பூட்டைத் திறப்பதையே தனிக் குற்றமாக்கியது. பாட்டைத் திருடினாயா என்று அது முதலில் கேட்பதில்லை. பூட்டில் கை வைத்தாயா என்று கேட்கிறது. பூட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்வதும் அதில் மாட்டிக்கொள்ளுமா என்பது அன்று தெளிவில்லை. அவர்கள் அஞ்சியதற்குக் காரணமும் இருந்தது. 2001இல் ஃபெல்டன் குழு இசைக் காப்பு முறை ஒன்றின் பலவீனத்தைப் பற்றிக் கட்டுரை வாசிக்கவிருந்தபோது இசைத் தொழில் சங்கத்திடமிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கட்டுரையைத் திரும்பப் பெற்று, பல மாதம் கழித்து வேறு மாநாட்டில்தான் வாசிக்க முடிந்தது. 2003இல் சன்காம் என்ற நிறுவனத்தின் சிடி காப்பை, வட்டைப் போடும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தாலே தாண்டிவிடலாம் என்று ஹால்டர்மன் எழுதினார். ஷிஃப்ட் விசையை அழுத்தச் சொன்னதற்காக அவர்மேல் ஒரு கோடி டாலர் வழக்கு வரப்போகிறது என்று அறிவித்தார்கள். மறுநாள் ஊர் சிரித்ததும் கைவிட்டார்கள். கைவிட்டாலும், அப்படி அறிவிக்க முடிந்ததே, அதுதான் சட்டம் கொடுத்த ஆயுதம்.

அந்த ஒரு மாதத்தில் எத்தனை ஆயிரம் பேர் எந்தக் கடையில் அந்த சிடியை வாங்கினார்கள் என்று யோசித்துப் பாருங்கள். உண்மை தெரிந்த இருவர் வழக்கறிஞர் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். ஃபின்லாந்தின் எஃப்-செக்யூர் என்ற வைரஸ் தடுப்பு நிறுவனமும் அக்டோபர் தொடக்கத்திலேயே கண்டுபிடித்து சோனிக்குத் தெரிவித்திருந்தது, பொதுமக்களுக்கு அல்ல. மற்றப் பெரிய வைரஸ் தடுப்பு நிறுவனங்களின் நடத்தை இன்னும் விசித்திரம். ஊரெல்லாம் பேசிய பிறகுதான் பட்டியலில் சேர்த்தார்கள். பெயர் தெரியாத இளைஞன் எழுதியிருந்தால் வைரஸ், பெரிய நிறுவனம் எழுதினால் காப்பு என்று அவர்களுக்கு ஒரு வரையறை இருந்ததுபோல் தெரிகிறது.

ஆக, மக்கள் எழுந்தது ருசினோவிச் காட்டியதால். அவரும் வழக்கறிஞரிடம் போய்க் காத்திருந்திருந்தால்? அழுத்தம் என்பது தானாக எழுவதில்லை. பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஒருவர், பிரித்துப் பார்த்ததை அஞ்சாமல் சொல்ல வேண்டும். அப்புறம்தான் மற்றவர்களுக்குக் கோபப்பட விஷயமே கிடைக்கும். 1201ஆம் பிரிவு அடிப்பது சரியாக அந்த இடத்தில். சோனி விவகாரத்துக்குப் பிறகும் அந்தப் பிரிவு நீங்கவில்லை. 2006 நவம்பரில் இத்தகைய சிடிகளைச் சோதிப்பதற்கு மட்டும் ஒரு தற்காலிக விலக்கு தந்தார்கள். மூன்று ஆண்டுக்கு ஒரு முறை போய்க் கேட்டு வாங்க வேண்டிய விலக்கு. நல்லெண்ணத்தோடு செய்யும் பாதுகாப்பு ஆய்வுக்கு ஓரளவு பரந்த விலக்கு 2015இல்தான் வந்தது. சிடி என்ற பொருளையே அதற்குள் பலர் மறந்திருந்தார்கள்.

இதற்கு முந்தைய வெற்றி ஒன்றையும் பார்க்கலாம். 1999 ஜனவரியில் இன்டெல் தன் பென்டியம் 3 சில்லு ஒவ்வொன்றிலும் மென்பொருள் படிக்கக்கூடிய 96 பிட் அடையாள எண் இருக்கும் என்று அறிவித்தது. தனியுரிமை அமைப்புகள் புறக்கணிப்புக்கு அழைத்தன. சில நாளிலேயே, அந்த வசதியை அணைத்து வைத்துத்தான் அனுப்புவோம் என்று இன்டெல் இறங்கி வந்தது. 2000 ஏப்ரலில் அடுத்த தலைமுறைச் சில்லில் எண்ணே இருக்காது என்றது. ஆனால் இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் கிட்டத்தட்ட ஒவ்வொரு ஸ்மார்ட்போனிலும் விளம்பரத்துக்கென்றே ஓர் அடையாள எண் இருக்கிறது. இன்டெல் எண் போல அழியாத எண் அல்ல, நாம் மாற்றிக்கொள்ளலாம் என்பது உண்மை. மாற்றியவர்கள் இந்த அவையில் எத்தனை பேர் என்று கேட்டு யாரையும் சங்கடப்படுத்த விரும்பவில்லை. ஐபோனில் அந்த எண்ணைச் செயலிகள் எடுக்கும் முன் நம்மைக் கேட்க வேண்டும் என்ற விதி 2021இல்தான் வந்தது.

வட்டுக்கும் இன்றைய நிலைக்கும் உள்ள பெரிய வித்தியாசம், திருப்பிக் கொடுக்க நம் கையில் ஒரு பொருள் இருந்தது என்பது. 2009 ஜூலையில் அமேசான், விற்ற பதிப்பாளருக்கு உரிமை இல்லை என்று கூறி, ஜார்ஜ் ஆர்வெலின் '1984' நாவலை வாசகர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தே அழித்தது. பணத்தைத் திருப்பித் தந்தது. ஊர் கொதித்தது, ஜெஃப் பெசோஸ் மன்னிப்புக் கேட்டார். ஆனால் அழிக்கும் வசதி எங்கேயும் போகவில்லை. 2025 பிப்ரவரியில், வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி யுஎஸ்பி வழியே கிண்டிலுக்கு மாற்றும் வழியை அமேசான் மூடியபோது முணுமுணுப்பு நிறையவே எழுந்தது. வழி மூடியது மூடியதுதான். பாட்டோ, படமோ, மாதச் சந்தாவில் வருவதை யார் எந்தக் கடையில் திருப்பிக் கொடுப்பது?

நம் நாட்டுக்கு வருவோம். 2025 நவம்பர் 28 தேதியிட்ட உத்தரவில், 'சஞ்சார் சாத்தி' செயலியைப் புதுப் போன்கள் எல்லாவற்றிலும் முன்கூட்டியே நிறுவ வேண்டும், அதன் செயல்பாடுகளை முடக்கவோ கட்டுப்படுத்தவோ கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை தயாரிப்பாளர்களுக்குச் சொன்னது. நோக்கம் திருட்டுப் போன்களையும் மோசடியையும் தடுப்பது. நல்ல நோக்கம்தான், சோனியும் திருட்டைத் தடுக்கவே புறப்பட்டது. செய்தி வெளியானதும் எதிர்ப்பு எழுந்தது. வேண்டாதவர்கள் நீக்கிக்கொள்ளலாம் என்று அமைச்சர் விளக்கம் சொன்னார். டிசம்பர் 3இல் கட்டாயம் கைவிடப்பட்டது. அழுத்தம் வென்ற வேகத்தில் இது இன்டெல் கதையை ஒத்தது. அந்த எதிர்ப்புக்கு ஆதாரமாக இருந்தது ஒரு செய்தி நிறுவனம் வெளியிட்ட தகவல். உத்தரவு பொதுமக்களுக்கு அறிவிக்கப்பட்டிருக்கவில்லை. இங்கேயும் யாரோ ஒருவர் எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது.

சட்ட மாணவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பதால் கடைசியாக ஒன்று. நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் 65ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. உரிமையை மீறும் நோக்கத்தோடு காப்பை உடைப்பவருக்கு இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும். அமெரிக்கச் சட்டத்தில் இல்லாத அந்த 'நோக்கத்தோடு' என்ற நிபந்தனையே நமக்குப் பெரிய காவல். அதன் துணைப்பிரிவுகளில் சங்கேத ஆய்வுக்கு விலக்கு உண்டு. உரிமையாளரின் அனுமதியோடு கணினியின் பாதுகாப்பைச் சோதிக்க விலக்கு உண்டு. பயனரை அடையாளம் காணவோ கண்காணிக்கவோ வைக்கப்பட்ட தொழில்நுட்ப ஏற்பாட்டைத் தாண்டுவதற்கு வேண்டியதைச் செய்யவும் விலக்கு உண்டு. மூன்று ஆண்டுக்கு ஒரு முறை போய்க் கெஞ்ச வேண்டியதில்லை, சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. இந்தப் பிரிவைக் குறை சொல்கிறவர்களையும் நான் படித்திருக்கிறேன். பிறருக்குப் பூட்டைத் திறக்க உதவுகிறவர் அவர்களுடைய பெயர், முகவரி எல்லாம் எழுதி வைக்க வேண்டும் என்ற நிபந்தனை எனக்கும் உறுத்துகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவுகளையும் பார்த்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். இருந்தாலும், ஃபெல்டனுக்கு 2005இல் இல்லாத ஒரு பிடி நமக்கு இருக்கிறது.

அதைப் பயன்படுத்துங்கள் என்று கேட்டுக்கொள்வதற்குத்தான் இவ்வளவு தூரம் பேசினேன். ஒரே வளாகத்தில் சட்டக் கல்லூரியும் கணினித் துறையும் இருக்கிற இடங்கள் நம் மாநிலத்தில் உண்டு. இரண்டு துறையும் சேர்ந்து, நம் பிள்ளைகள் தேர்வெழுதும்போது நிறுவச் சொல்லும் கண்காணிப்பு நிரலை, தெருமுனைக் கடையில் விற்கும் சிசிடிவி பெட்டியை, தவணையில் வாங்கிய போனைத் தவணை தவறினால் பூட்டும் செயலியை, உரிமையாளரின் அனுமதியோடு பிரித்துப் பாருங்கள். எந்த விவரம் எங்கே போகிறது என்று எழுதுங்கள். அனுமதி கேட்க வேண்டிய இடத்தில் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் மறுத்ததையும் வெளியிடுங்கள். கண்டதைத் தமிழிலும் எழுதுங்கள். இதற்குப் பல்கலைக்கழகம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: மாணவர் மேல் கடிதம் வந்தால், பதில் எழுதுவது பல்கலைக்கழகத்தின் வழக்கறிஞர் என்று முன்கூட்டியே தீர்மானம் போட்டு வையுங்கள். துணைவேந்தர் அவர்கள் மேடையில் இருப்பதால் இந்த வேண்டுகோளை அவர் முன்னிலையிலேயே வைக்கிறேன்.